தராசு சொல்லாத கணக்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

எங்கள் பெரியம்மாவுக்கு வயது 56. சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, தண்ணீர்க் குடத்தோடு வாசற்படி ஏறும்போது கால் இடறிக் கையை ஊன்றி விழுந்தார். பெரிய விழுகை ஒன்றும் இல்லை. குடம்கூட நசுங்கவில்லை. ஆனால் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. "பத்து வருசமா ஒரே எடைதான் இருக்கேன். ஒரு கிலோகூடக் கொறையல. எலும்பு மட்டும் எப்படிப்பா தேஞ்சு போகும்?" என்று கட்டோடு உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டார். வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நான் ஒருவன்தானே! எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்திலும் ஆசிரியர்களிடத்திலும் கேட்டறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

எலும்பு என்றதும் ஆய்வகத்தில் கம்பி கட்டி நிறுத்திய எலும்புக்கூடுதான் நம் நினைவுக்கு வருகிறது. அது இறந்த எலும்பு. உயிருள்ள எலும்போ ஓயாமல் வேலை நடக்கும் கட்டடம். ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள் அங்கே புதிய எலும்பைக் கட்டுகின்றன. ஏறத்தாழ 30 வயது வரை கட்டும் கை ஓங்கியிருக்கும். அதற்குள் சேர்த்த எலும்புதான் முதல். அதன் பிறகு அந்த முதலிலிருந்து எடுத்துத்தான் செலவு.

இந்தக் கரைக்கும் கூட்டத்தை அளவோடு வேலை செய்ய வைக்கும் மேஸ்திரியே எஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர். மாதவிடாய் நிற்கும்போது சினைப்பை எஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. மேஸ்திரி போய்விட்டால் என்ன ஆகும்? இடிப்பவர்கள் விரைந்து இடிக்கிறார்கள். கட்டுபவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மாதவிடாய் நின்றதை ஒட்டிய முதல் சில ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 சதவீதம் வரை எலும்பு குறையக்கூடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே வலியில்லை, காய்ச்சலில்லை, ஓர் அறிகுறியும் இல்லை. தேன்கூடு போன்ற உள்ளமைப்பு மிகுந்த முதுகெலும்பும் மணிக்கட்டும் முதலில் நலிகின்றன. பிற்பாடு இடுப்பு எலும்பு. நம் பாட்டிமாரின் கூன் முதுமையின் அழகு என்று நினைத்திருந்தோம். அவற்றில் பல, சத்தமின்றி நொறுங்கிய முதுகெலும்புகள்.

இதை மாதவிடாய் நிற்பதோடு முதன்முதலில் தெளிவாகத் தொடர்புபடுத்திக் காட்டியவர் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். 1940களின் தொடக்கம் அது. மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. நம் நாட்டுப் பெண்களுக்கோ 46, 47-லேயே நின்றுவிடுகிறது. ஆகவே தேய்மானமும் நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கிவிடுகிறது. நோயின் பொருட்டுக் கருப்பையோடு சினைப்பைகளையும் இளவயதிலேயே எடுத்துவிட்ட பெண்களுக்கு இன்னும் முன்னதாக, அதுவும் ஒரே நாளில்.

சரி, பெரியம்மாவின் எடை ஏன் குறையவில்லை? இதற்கு விடையை அவருடைய ரவிக்கையே சொல்லியது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் தைத்த ரவிக்கை இப்போது கையில் தொளதொளக்கிறது. வயிற்றுப் பக்கம் கொக்கி மாட்ட முடியவில்லை என்று அவரே குறைப்பட்டுக்கொள்வார். தையற்காரர் மீது பழி போட்டிருந்தோம்! உண்மையில், எஸ்ட்ரோஜன் குறையும் காலத்தில் கையிலும் தொடையிலும் உள்ள தசை சுருங்குகிறது, கொழுப்பு கூடுகிறது, தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு இனி வயிற்றில் சேர்கிறது. இரண்டு கிலோ தசை போய் இரண்டு கிலோ கொழுப்பு வந்தால் தராசின் முள் அசையாது. வயதோடு வரும் இந்தத் தசை இழப்புக்கு சார்கோபீனியா என்று 1989-இல்தான் பெயரிட்டார்கள். தசை குறைவது எலும்புக்கு இரட்டை இழப்பு. தசை இழுக்க இழுக்கத்தான் எலும்பு தன்னைக் கெட்டியாக்கிக்கொள்ளும். கால் தடுமாறும் நேரத்தில் உடம்பைப் பிடித்து நிறுத்துவதும் தசையே.

கொழுப்பு முழுக்கப் பகை என்றும் சொல்வதற்கில்லை. கொழுப்புத் திசு சிறிதளவு எஸ்ட்ரோஜன் உண்டாக்கித் தருகிறது. மிக மெலிந்த பெண்களுக்கு எலும்பு முறிவு மிகுதி என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வயிற்றுக் கொழுப்பு நீரிழிவையும் இதய நோயையும் கூட்டி வருவது.

இதுவரை சொன்னது எந்த ஊர்ப் பெண்ணுக்கும் பொருந்தும். நம் தருமபுரி மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது தண்ணீர்க் கணக்கு. நம் நிலத்தடிப் பாறைகளில் உள்ள ஃபுளூரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது. பல ஊர்களில் அந்த எல்லை தாண்டியிருப்பதை நம் பற்களே காட்டும். வகுப்பில் பழுப்புக் கறை படிந்த பல்லோடு சிரிப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீரால் எலும்பு கெடும் இந்நோயை 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டு எழுதினார்கள். அதுவே இந்தியாவில் முதல் பதிவு.

ஃபுளூரைடு எலும்பைக் கரைப்பதில்லை. எலும்பின் தாதுப் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் போய்த் தான் உட்கார்ந்துகொள்கிறது. கட்டும் அணுக்களையும் தூண்டிவிடுகிறது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு முன்னைவிட வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். அப்படியானால் எலும்பு தேயும் பெண்ணுக்கு இது நன்மைதானே என்று கேட்கத் தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது! அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் சோதித்தார்கள். ஒரு பாதியினருக்கு சோடியம் ஃபுளூரைடு, மறு பாதியினருக்கு வெற்று மருந்து. சுண்ணாம்புச் சத்து எல்லோருக்கும். முடிவு 1990-இல் வெளிவந்தது. ஃபுளூரைடு உண்டவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. ஆயினும் முதுகெலும்பு முறிவு சொல்லும்படியாகக் குறையவில்லை. கை கால் முதலிய மற்ற எலும்புகளின் முறிவு கூடியது. வேகாத செங்கல்லை அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய சுவர் கனமாக இருக்கும், பலமாக இருக்குமா?

தராசைப் போலவே எக்ஸ்ரேயும் நம்மை ஏமாற்றும் இடம் இது. நம் ஊரில் 55 வயதுப் பெண்ணின் எலும்பு படத்தில் அடர்த்தியாகத் தெரிவதை மட்டும் வைத்து அது உறுதியானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்தால் ஃபுளூரைடின் கேடு இன்னும் கூடுகிறது.

சுண்ணாம்புச் சத்து என்றால் பால் என்று பாடப்புத்தகம் சொல்லும். பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரக்காப்பி குடிக்கும் வீடுகள் நம்முடையவை. ஆனால் நம்மிடம் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தால் அதிகம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. கேழ்வரகிலுள்ள பைடேட் என்னும் பொருள் சத்தை ஓரளவு பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் கூழுக்குப் புளிக்க வைத்தாலும் அந்தப் பிடி தளரும். நம் அம்மாக்கள் வேதியியல் படிக்காமலே செய்துவந்த காரியம்! இடையில் களி ஏழைச் சோறு என்று நாமே முகம் சுளித்தோம். விருந்தாளி வந்தால் களிப்பானையை மறைத்தோம். நானும் மறைத்திருக்கிறேன். 2023-இல் நியாயவிலைக் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியபோது அரசு தேர்ந்த இரு மாவட்டங்கள் நீலகிரியும் தருமபுரியும். களியோடு கீரை, பருப்பு, முட்டை என்று புரதமும் சேர வேண்டும். களி மட்டும் தின்றால் தசை வளராது. உச்சி வெயிலில் சிறிது நேரம் கையும் முகமும் படும்படி நின்றால் வைட்டமின் டி கிடைக்கும். அது இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து குடலைக் கடந்து உள்ளே போகாது.

தண்ணீருக்கு வழி ஒகேனக்கல்லில் பிறந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டம் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவருகிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே குடம் போகிறது என்பதுதான் சிக்கல். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். காய்ச்சினால் நீர் ஆவியாகும், ஃபுளூரைடு அப்படியே தங்கும். அளவு கூடுமே தவிரக் குறையாது.

விடுமுறை முடிந்து வரும்போது பெரியம்மா வீட்டிலிருந்து இரண்டு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தேன். வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியர் சிர்கோனியம்-அலிசரின் கரைசலை இரண்டிலும் சில துளிகள் விட்டார். காவிரி நீர் சிவப்பாகவே நின்றது. ஆழ்துளைக் கிணற்று நீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாக மாறியது. அன்று மாலையே பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்போ அந்தத் தண்ணிய பாத்திரம் கழுவ வெச்சுக்கறேன்" என்றார். கட்டுப் பிரித்தாகிவிட்டது, ஆனால் குடத்தை இப்போது சித்தி மகள்தான் தூக்குகிறாள்.