கை எங்கே இருக்கு மச்சி?

"ஹானா... துல்... செட்... நெட்..!"

காலை ஆறு மணிக்கு எங்க காலேஜ் ஆடிட்டோரியத்துக்குப் பின்னாடி வந்தீங்கன்னா இந்தச் சத்தம் கேட்கும். யாரோ கொரியன் சீரியலை ஃபுல் வால்யூம்ல வெச்சிருக்காங்கன்னு நினைச்சுடாதீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுதான்! வெள்ளை டோபோக் போட்டுக்கிட்டு இருபது பேர் காத்தை உதைச்சுக்கிட்டு இருப்போம். அதுல முன்வரிசையில, இடுப்புல சிவப்பு பெல்ட்டோட, கொஞ்சம் ஓவரா சீன் போட்டுக்கிட்டு ஒருத்தன் நிப்பான். அடியேன்தான்.

ஒன்பதாம் வகுப்புல ஆரம்பிச்ச டேக்வாண்டோ. இப்போ மூணாவது வருஷம் மெக்கானிக்கல். அரியர் ரெண்டு, பெல்ட் சிவப்பு. அடுத்தது கறுப்பு. தலை உயரத்துக்கு ஒரு டோல்யோ சாகி, அதாங்க ரவுண்ட் ஹவுஸ் கிக், விட்டேன்னா ஜூனியர் பசங்க விசில் அடிப்பானுங்க. இப்படி ஜம்முனு போயிட்டிருந்த வாழ்க்கையில, போன மே மாச லீவுல, வட சென்னையில ஒரு பாக்ஸிங் கூடத்துக்குள்ள காலை எடுத்து வெச்சேன்.

மூக்கு உடையலை. உடைஞ்சிருந்தாக்கூட கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும்!

கூட்டிட்டுப் போனது என் ரூம்மேட். வியாசர்பாடிப் பையன். 2021-ல 'சார்பட்டா பரம்பரை' வந்தப்போ நமக்கெல்லாம் அது படம். அவனுக்கு அது அவங்க தாத்தா சொன்ன கதை. "நீ காலாலயே எல்லாத்தையும் முடிச்சிடுவேன்னு சொல்றியே, ஒரு நாள் வந்துதான் பாரேன்"னு உசுப்பேத்திட்டான். போனேன். தகர ஷெட்டு, மணல் மூட்டை, வியர்வை வாசனை. வாத்தியாருக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். என் நிற்கிற ஸ்டைலைப் பார்த்தார். பக்கவாட்டுல திரும்பி, குதிகால் தூக்கி, துள்ளித் துள்ளி... ரெண்டு கையும் இடுப்புக்கிட்ட ஜாலியா தொங்குது.

"இன்னா தம்பி, டான்ஸு கத்துக்கினு வந்தியா?"

என்னைவிட அரை அடி குள்ளமான ஒரு பத்தாங்கிளாஸ் பையனை எதிர்ல நிறுத்தினார். கால் யூஸ் பண்ணக் கூடாது, கை மட்டும். மணி அடிச்சது. பையன் இடது கையால முகத்துல லேசா தட்டினான். மறுபடி தட்டினான். மூணாவது தட்டுக்குக் கண்ணுல தண்ணி. நாலாவது தட்டுக்கு நான் செஞ்சது என்ன தெரியுமா? கையைத் தூக்கலை. பின்னால சாய்ஞ்சேன்! ஆறு வருஷ ட்ரெய்னிங் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. முகத்துக்கு ஏதாவது வந்தா அது காலாத்தான் இருக்கும், தூரத்துல இருந்துதான் வரும், சாய்ஞ்சாப் போதும். கை வரும்னு என் உடம்புக்குத் தெரியவே தெரியாது.

"கையி எங்க கீது? மேல வெய்யி!" அன்னிக்கு மட்டும் வாத்தியார் இதை நாற்பது தடவை சொல்லியிருப்பார்.

ராத்திரி மூக்குல ஐஸ் வெச்சுக்கிட்டு உட்கார்ந்து யோசிச்சேன். எங்க மாஸ்டர் தப்பா சொல்லிக் கொடுத்தாரா? இல்லவே இல்லை. ரூல் புக்கைப் பார்த்தா விஷயம் புரியும். ஒலிம்பிக்ஸ்ல நீங்க பார்க்கிற டேக்வாண்டோவுல உடம்புல குத்தினா 1 பாயின்ட். உடம்புல உதைச்சா 2, தலையில உதைச்சா 3. அதையே சுழன்று அடிச்சா ரெண்டு பாயின்ட் எக்ஸ்ட்ரா, அதாவது 4, 5. முகத்துல கையால குத்தினா? பாயின்ட் கிடையாது, காம்ஜொம்! தண்டனை. எதிராளிக்கு ஒரு பாயின்ட் இலவசம். இடுப்புக்குக் கீழே உதைச்சாலும் காம்ஜொம்.

இப்போ சொல்லுங்க. முகத்துல யாரும் குத்தப் போறதில்லைன்னா கையை எதுக்கு மேல வெச்சு வலிக்க விடணும்? இறக்கி வெச்சா விலாவுக்கு வர்ற உதையைத் தடுக்கலாம். பக்கவாட்டுல நின்னா பாயின்ட் விழற இடமும் குறையும், முன்கால் சீக்கிரம் கிளம்பும். ஆக, நாங்க நிற்கிறது ஸ்டைலுக்காக இல்லை பாஸ், கணக்கு! என்ன பிரச்னைன்னா, ரூல் மாறின அடுத்த செகண்ட் அதே கணக்கு முகத்துல அறையும்.

சரி, கைக்குப் பாடம் ஆச்சு. அடுத்தது காலுக்கு. இதுக்கு எங்கேயும் போகலை, காலேஜ் ஜிம்லயே மாட்டினேன். ஜூடோ டீம் பொண்ணு, ஃபர்ஸ்ட் இயர் ஈ.சி.இ., எடை என்னைவிடப் பத்துப் பதினைஞ்சு கிலோ கம்மி. "உங்க கிக்கைப் பிடிச்சா என்ன அண்ணா பண்ணுவீங்க?"ன்னு அப்பாவியா கேட்டுச்சு. "பிடிக்க முடியாதும்மா"ன்னு சிரிச்சேன். அடுத்த சீன்ல நான் சீலிங்கைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

இது எனக்கு பாக்ஸிங்கைவிடப் பெரிய அதிர்ச்சி. மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் இல்லையா, அப்புறம் பேப்பர்ல படமே போட்டுப் பார்த்தேன். உதைக்கிறப்போ தரையில இருக்கிறது ஒரே ஒரு பாதம். மொத்த எடையும் அந்தப் பாதம் அளவுக்கான இடத்துக்கு மேல நின்னாகணும். காலை யாராவது பிடிச்சு ஒரு அடி முன்னால வந்தாப் போதும், எடைக்கோடு பாதத்தைத் தாண்டி வெளியே போயிடும். அப்புறம் நீங்க எத்தனை பெல்ட் கட்டியிருந்தாலும் நியூட்டன்தான் ரெஃப்ரி. டேக்வாண்டோவுல பிடிக்கிறதுக்கும் காம்ஜொம், அதனால இந்தக் கணக்கை நான் போட்டதே இல்லை.

அதைவிட சுவாரஸ்யம் ஒண்ணு இருக்கு. டேக்வாண்டோ மேட்ச்சில் கீழே விழுந்தாலும் காம்ஜொம். விழறதே குற்றம்! ஜூடோவுல? முதல் பாடமே விழறதுதான். உக்கேமின்னு பேரு. தாடையை நெஞ்சோட ஒட்டிக்கணும், பின்னந்தலை தரையைத் தொடக் கூடாது, விழற நேரத்துல கையால பாயை ஓங்கி அறையணும். விழற வேகம் ஒரே இடத்துல இறங்காம கை முழுக்கப் பரவிடும். ஒரு மாசம் நான் ஜூடோன்னு கத்துக்கிட்டது பெரும்பாலும் இதுதான். போன வாரம் ஹாஸ்டல் பாத்ரூம்ல சோப்புத் தண்ணியில வழுக்கி விழுந்தேன். கை தானா அறைஞ்சது, தாடை தானா ஒட்டிக்கிச்சு. தலை தப்பிச்சது. ஆறு வருஷத்துல கத்துக்கிட்டதுல இதுவரைக்கும் நிஜ வாழ்க்கையில யூஸ் ஆன ஒரே ஐட்டம்!

ஜூடோக்காரங்க மட்டும் எல்லாம் தெரிஞ்சவங்களான்னா அதுவும் இல்லை. என்னைச் சாய்ச்ச டெக்னிக்கை அந்தப் பொண்ணு மேட்ச்சில் செய்ய முடியாது. சர்வதேச ஜூடோ போட்டிகள்ல கையால காலைப் பிடிச்சுத் தள்ளுறதுக்கு 2010-ல கட்டுப்பாடு வந்து, 2013-ல முழுசா தடை பண்ணிட்டாங்க. "எங்க சார் பழைய ஆளு, அதனால சொல்லிக் கொடுத்தார். மத்த டீம்ல நிறைய பேருக்கு இது வராது அண்ணா"ன்னுச்சு. பத்து வருஷம் ஒரு விஷயத்துக்குத் தடை இருந்தா, அடுத்த செட்டு ஆளுங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாமப் போயிடுது.

தஞ்சாவூர்ல இருந்து வந்திருக்கிற சிவில் டிபார்ட்மென்ட் நண்பன் ஒருத்தன் சிலம்பம் சுத்துவான். நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. நான் கம்பைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அவன், "கம்பை விடுடா, காலடியைப் பாரு"ன்னான். நாங்க முன்னால, பின்னால ரயில் மாதிரி ஒரே தண்டவாளத்துல போயிட்டு வருவோம். அவன் கோணல்ல நுழைஞ்சு எதிராளியோட பக்கத்துல போய் நிற்கிறான். கம்பைக் கீழே வெச்சுட்டு அந்தக் காலடியை மட்டும் திருடிக்கிட்டேன். இதுக்கு எந்த ரூல் புக்லயும் தண்டனை இல்லை.

இந்த மூணு மாசமும் மனசுக்குள்ள ஒரு உறுத்தல் இருந்தது. மாஸ்டர்கிட்ட சொல்லலை. நம்ம ஊர்ல குரு, சிஷ்யன் மேட்டர் கொஞ்சம் டெலிகேட் இல்லையா? ஒரு மாஸ்டர்கிட்ட படிச்சுக்கிட்டே இன்னொருத்தர்கிட்ட போனா, ஒரு வீட்ல சாப்பிட்டுட்டுப் பக்கத்து வீட்டுச் சமையலைப் புகழ்ந்த மாதிரி. அந்த உறுத்தலுக்கு மருந்து தேடி, டேக்வாண்டோ எங்கே இருந்து வந்ததுன்னு படிக்க ஆரம்பிச்சேன். செம காமெடி!

'ரெண்டாயிரம் வருஷப் பழைமையான கொரியக் கலை'ன்னு எங்க பழைய நோட்டீஸ்ல எல்லாம் போட்டிருக்கும். ஆனா 1944-ல சியோல்ல சுங் டோ குவான் பள்ளியை ஆரம்பிச்ச லீ வோன் குக், ஜப்பான்ல படிக்கிறப்போ ஷோட்டோகான் கராத்தே கத்துக்கிட்டவர். 1955-ல 'டேக்வாண்டோ'ங்கிற பேரை முன்வெச்ச ஜெனரல் சோய் ஹாங் ஹி, அவரும் ஜப்பான்ல கராத்தே படிச்சவர்தான். கொரியா 1945 வரைக்கும் ஜப்பான் ஆட்சியில இருந்ததே, அந்த நேரத்து விளைவு. அப்புறம் கொரியாக்காரங்க அதுல காலை உயர்த்தி உயர்த்தி, கராத்தேக்காரங்க யோசிக்காத இடத்துக்கெல்லாம் கொண்டு போயிட்டாங்க. 1988 சியோல்லயும் 1992 பார்சிலோனாவுலயும் காட்சிப் போட்டி, 2000 சிட்னியில இருந்து முழு மெடல். சங்கத்தோட பேரைக்கூட 2017-ல மாத்தினாங்க. அதுவரைக்கும் சுருக்கமா டபிள்யூ.டி.எஃப்.! இன்டர்நெட்ல அந்த மூணு எழுத்துக்கு என்ன அர்த்தம்னு யாரோ அவங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்காங்க.

புரூஸ் லீ மட்டும் என்னவாம்? ஹாங்காங்ல இப் மேன்கிட்ட விங் சுன். 1958-ல பள்ளிகளுக்கு இடையிலான பாக்ஸிங்ல சாம்பியன். 1964-ல அமெரிக்காவுல லாங் பீச் போட்டியில டேக்வாண்டோ மாஸ்டர் ஜூன் ரீயைச் சந்திச்சார். லீ அவர்கிட்ட உதை கத்துக்கிட்டார், அவர் லீகிட்ட குத்து கத்துக்கிட்டார். பண்டமாற்று! ஜூடோ சாம்பியன் ஜீன் லெபெல்லோடயும் பழகினார். 1973-ல வந்த 'என்டர் தி டிராகன்' முதல் சண்டையை இன்னொரு தடவை பாருங்க. உதையில முடியாது, கீழே போட்டுக் கையை மடக்கறதுல முடியும்.

அப்பாடான்னு இருந்தது. ஆனா எனக்கான ஆப்பு வேற இடத்துல ரெடியாகிட்டு இருந்தது.

செப்டம்பர்ல இன்டர் காலேஜ் மீட். அரையிறுதி. எலெக்ட்ரானிக் கவசமெல்லாம் கிடையாது, மூலையில உட்கார்ந்திருக்கிற ஜட்ஜுங்க பட்டன் அழுத்துற மேட்ச். முதல் ரவுண்டு எனக்கு, ரெண்டாவது அவனுக்கு. மூணாவதுல 6-6. சிலம்பக் காலடி போட்டுப் பக்கத்துல போய் ரெண்டு பாயின்ட் எடுத்திருந்தேன், சந்தோஷமா இருந்தேன். கடைசிப் பத்து செகண்ட். அவன் நெருங்கி வந்தான். அவன் கை கீழே, முகம் திறந்து கிடக்கு. என் இடது கை நேரா போய் அவன் தாடையில உட்கார்ந்தது.

அழகான ஜாப். வாத்தியார் பார்த்திருந்தா விசில் அடிச்சிருப்பார்.

"காம்ஜொம்!"

6-7. ஆட்டம் க்ளோஸ். நான் யோசிச்சு அடிக்கலை, சத்தியமா. மூணு மாசமா தினம் சாயங்காலம் உடம்புக்குள்ள ஏத்தினது தப்பான நேரத்துல வெளியே வந்துடுச்சு. எதிராளிப் பையன்கிட்ட ஸாரி கேட்டேன். நல்லவேளை, அவனுக்கு ஒண்ணும் ஆகலை. டீம் பசங்க முகத்தைத்தான் பார்க்க முடியலை. என்னால ஃபைனல் போச்சு.

பஸ்ல திரும்பறப்போ மாஸ்டர் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசலை.

"எங்கே போறே பாக்ஸிங்குக்கு?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். "நானும் முதல்ல கராத்தேதான்டா. டேக்வாண்டோவுக்கு வந்து ரெண்டு வருஷம் முகத்துலேயே குத்திக்கிட்டிருந்தேன்"னார். "போனது தப்பில்லை. என்கிட்ட சொல்லியிருந்தா, மீட்டுக்கு ஆறு வாரம் முன்னால நிறுத்தச் சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே நான் இருக்கேன்?"

அந்தக் கடைசி வரி, அந்தப் பத்தாங்கிளாஸ் பையனோட ஜாபைவிட பலமா விழுந்தது.

அதனால உங்கள்ல யாராவது இதே ஆசையில இருந்தா, தோத்தவன் பேச்சைக் கேளுங்க. மஞ்சள் பெல்ட்ல இருக்கிறப்பவே நாலு கிளாஸுக்கு ஓடாதீங்க. ஒண்ணுல நிலையா நிற்கத் தெரிஞ்சாத்தான் இன்னொண்ணுல எது வேறன்னு புரியும். ரெண்டு மாஸ்டர்கிட்டேயும் உண்மையைச் சொல்லிடுங்க. போட்டி நெருங்கினா மத்ததை ஆஃப் பண்ணிட்டு, அந்த ரூலுக்கு மட்டும் உடம்பைத் திருப்புங்க. பாக்ஸிங் ஸ்பாரிங்ல தலையில அடி வாங்கினப்புறம் தலைவலி, வாந்தின்னா வீரம் காட்டாம டாக்டர்கிட்ட போங்க. அரியர் இருந்தா... சரி, அதை நான் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இப்போ செவ்வாய், வியாழன் சாயங்காலம் வியாசர்பாடி. மாஸ்டருக்குத் தெரிஞ்சே போறேன். அங்கே போனதும் "கையி எங்க கீது?"ன்னு ஒரு சத்தம் இன்னும் வருது. முன்னால நாற்பது தடவை, இப்போ பத்து. காலையில டேக்வாண்டோ. ஜனவரியில பிளாக் பெல்ட் டெஸ்ட். போன சனிக்கிழமை கிளாஸ் முடிஞ்சதும் மாஸ்டர் கூப்பிட்டார். "அந்த ஜூடோ பொண்ணை வரச் சொல்லு. நம்ம பசங்களுக்கு விழறதுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்."

சிமென்ட் தரையில விழ முடியாதே! ஹாஸ்டல்ல எட்டு மெத்தை கேட்டு லெட்டர் கொடுத்திருக்கோம். 'எதற்கு' என்கிற இடத்துல 'விழுவதற்கு'ன்னு எழுதியிருக்கேன். வார்டன் இன்னும் கையெழுத்துப் போடலை.