கருப்பு கருப்பாய்த் தெரிய

"போட்டோ எடுக்க என்னப்பா படிப்பு, அமுக்கினா விழுது" என்பார்கள் எங்கள் வீட்டில். பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் விளக்கும் பொறுப்பும் என் தலையில்தான். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

படத்தின் வெளிச்சத்தை மூன்று சங்கதிகள் தீர்மானிக்கின்றன. அப்பர்ச்சர் என்பது துவாரத்தின் அளவு. ஷட்டர் என்பது ஒளி உள்ளே விழும் நேரம். ஐ.எஸ்.ஓ. என்பது கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டுவது. காசிமேட்டில் விடிகாலையில் மீன் கூடை தூக்கும் கை 1/30 வினாடியில் கலங்கித்தான் விழும். 1/250 வைக்க வேண்டும். வெளிச்சம் 8 மடங்கு குறையும். ஐ.எஸ்.ஓ.வை 200-லிருந்து 1600-க்கு ஏற்றினால் ஈடாகிவிடும். கொஞ்சம் புள்ளி விழும், விழட்டுமே.

முக்கியமான விஷயம் மீட்டர். அதற்கு எது வெள்ளை, எது கருப்பு என்று தெரியாது. பொதுவாக, எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். ஐஸ் பெட்டி அழுக்காகத் தெரியும், நிலக்கரி வெளிறிப் போகும்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்கிறீர்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. படகு, வலை எல்லாம் கருப்பு. ஃபிரேம் முழுக்க எண்ணெயை நிரப்பி ஆட்டோவில் எடுத்தால், அது ஏதோ கலங்கல் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். சாட்சி சொல்ல வேண்டிய படமே மழுப்பினால் எப்படி? எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 1 வையுங்கள். செல்போனில் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். ஐஸுக்கு மேலே. ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டரின் ஜீரோ எரரைக் கழிக்கிறோமே, அதே கணக்குதான். அளவு புரிய ஒரு துடுப்பும் ஃபிரேமில் இருக்கட்டும்.

நமக்கு சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் ஆட்கள் நிழலாகிவிடுவார்கள். முகம் வேண்டுமானால் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

மதுரை எம். பழனிக்குமார், மீன் விற்கும் தாயின் மகன். பொறியியல் படித்துப் புகைப்படக்காரர் ஆனவர். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். வடசென்னைப் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுத் தந்தவர். தூரத்தில் நின்று புகைபோக்கியை மட்டும் எடுத்துப் போகிறவர்கள் நிறைய. உள்ளே இருக்கும் மனிதர்களை நாம்தான் எடுக்க முடியும்.

வலை பின்னுகிறவரை நின்றபடி மேலிருந்து எடுக்காதீர்கள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.