முடியைப் பார்த்துப் பின்னல்

மகா சிவராத்திரியையொட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கும் நாட்களில், ஒப்பனை அறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் தலைமுடியில் எத்தனை ரகம் உண்டோ அத்தனையும் கண்ணில் படும். 1981-இல் தொடங்கிய விழா இது. ஊர் ஊராக, நாடு நாடாக ஆட வருகிறார்கள். ஒருத்திக்கு இடுப்பைத் தாண்டிய நேர்முடி, இன்னொருத்திக்குத் தோளோடு நிற்கும் சுருட்டை, அடுத்தவளுக்கு லேயர் கட். மேடை ஏறும்போது எல்லோர் முதுகிலும் ஒரே மாதிரி நீளச் சடை, நுனியில் குஞ்சலம். எல்லாம் சடை போட்டுவிடுகிறவரின் கைத்திறன்.

முடி நேராக வளருமா, சுருளுமா என்பது தோலுக்கு அடியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வேர்ப்பை நேராக இருந்தால் முடியும் நேராக வரும். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சுருட்டை முடியின் வேர்ப்பை வளைந்தது, குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டம். பின்னல் நிற்பதும் நழுவுவதும் பெரும்பாலும் இந்த வடிவத்தைப் பொறுத்ததுதான். ஏனென்றால் பின்னலைப் பிடித்து வைத்திருப்பது முடிக்கும் முடிக்கும் இடையிலான உராய்வு. சுருட்டை தன்னைத்தானே கொக்கி போட்டுக்கொள்ளும். தலையோடு ஒட்டிப் போடும் ஆப்பிரிக்க நுண்பின்னல்கள் வாரக்கணக்கில் கலையாமல் நிற்பது அதனால்தான். அதையே வழுவழுப்பான நேர்முடியில் போட்டால் சீக்கிரமே தளர்ந்துவிடும்.

நேர்முடிக்காரர்களுக்கு, தலைக்குக் குளித்த அன்றைவிட மறுநாள் பின்னல் நன்றாக நிற்கும். உச்சியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக முடி சேர்த்துப் போடும் பிரெஞ்சுப் பின்னல் இவர்களுக்குத் தோது. பிடிப்பு பல இடங்களில் விழுகிறது. அடர்த்தியான நீள முடி இருந்தால் நாலுகால், ஐந்துகால் என்று தாராளமாகப் போகலாம். கால் கூடக் கூடச் சடையின் நீளம் குறையும் என்பதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும். மெல்லிய முடிக்கு ஐந்துகால் ஆசை வேண்டாம். ஒவ்வொரு காலும் நூலாகிப்போகும். மூன்று கால் போட்டு முடித்து, நுனியைக் கட்டியபின், ஓரங்களை விரலால் மெல்ல இழுத்துவிட்டால் சடை பருத்துத் தெரியும். லேயர் கட் முடியில் மீன்வால் பின்னல் போட்டால் பாதி வழியிலேயே நுனிகள் முள் முள்ளாக வெளியே நீட்டிக்கொள்ளும்.

நாட்டியச் சடையில் சவுரி இல்லாமல் காரியம் நடக்காது. நேர்வகிடு எடுத்து, பிடரியில் இறுக்கிக் கட்டி, சொந்த முடியோடு சவுரியின் கால்களைச் சேர்த்துப் பின்னுகிறார்கள். மேலே ராக்கொடி, பூச்சரம், முதுகு நெடுகச் சடைநாகம், கடைசியில் குஞ்சலம். இத்தனை எடையும் தொங்குவது அந்தப் பிடரிக் கட்டில். சுழலும்போது சடை வீசியடிக்காமலிருக்க இடுப்பில் ஒட்டியாணத்துக்குள் செருகிவிடுவது வழக்கம்; வேரில் விழும் இழுப்பும் அதனால் குறைகிறது. முடி குறைவான பெண்ணுக்கு எடை குறைந்த சடையையே தேர்ந்தெடுத்து, கொண்டை ஊசிகளைப் பல இடங்களில் குத்திப் பாரத்தைப் பிரித்துவிடுவது நல்லது.

சிதம்பரத்திலிருந்து கிழக்கே பிச்சாவரம் போனால் காற்றின் குணமே வேறு. கழிமுகத்தின் ஈரம் முடியில் ஏறும். ஈரத்துக்கு முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். இதை வைத்தே 1783-இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி சொஸ்யூர், மனித முடியால் இயங்கும் ஈரப்பதமானியைப் பற்றி எழுதினார். நீளும் அளவு நூற்றுக்கு இரண்டு பங்கு சொச்சம்தான். ஆனாலும் ஈரத்தலையில் இறுக்கிப் பின்னினால், காயக் காயப் பின்னல் இன்னும் இறுகும். போதாக்குறைக்கு, நனைந்த முடி எளிதில் அறுந்துபோகும். சுரபுன்னைக் கிளைகள் தாழத் தொங்கும் குறுகலான வாய்க்காலில் படகு போகும்போது, விரித்த கூந்தல் சினிமாவுக்குத்தான் சரி. சுருட்டை முடிக்காரர்கள் கிளம்பும் முன்பே தேங்காய் எண்ணெய் தொட்டுப் பின்னிக்கொள்வது நல்லது. எண்ணெய் சமாசாரம் வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. தேங்காய் எண்ணெய் முடிக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது, கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இறுக்கம் எல்லை மீறினால் நெற்றி ஓரத்து முடி பின்வாங்கும். இழுப்பால் வரும் இந்த வழுக்கை, இறுகக் கட்டிய குதிரைவால் கொண்டைக்காரர்களான கிரீன்லாந்துப் பெண்களிடம் 1907-லேயே பதிவானது. பள்ளிக்கூட இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டுகையில் புருவம் மேலே ஏறினால், அது அளவுக்கு மீறிய இறுக்கம். வேரைச் சுற்றிச் சிறு பருக்கள் வந்தாலோ, சடையை அவிழ்த்ததும் தலைவலி விட்டாலோ கட்டைத் தளர்த்த வேண்டும். தினமும் அதே வகிடு எடுக்காமல் இடம் மாற்றினால் இழுப்பும் மாறி மாறி விழும். வழுக்கை தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்டால் முடி திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் விட்டால் வேர்ப்பையே தழும்பாகிவிடும்.

கடலோர மணலில் வளரும் தாழைக்கும் சடை அலங்காரத்தில் பங்கு உண்டு. சிவ பூஜைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட தாழம்பூவுக்குப் பெண்களின் பின்னலில் எப்போதும் இடம் கிடைத்திருக்கிறது. முள்ளை நறுக்கி, மடலை மடித்து, சடையின் மேல் வரிசையாகத் தைப்பார்கள். விறைப்பான மடல் அது. தாங்க அடர்ந்த முடி வேண்டும். இல்லாதவர்கள் முதலில் சவுரியிலேயே தைத்துக்கொண்டு, பிறகு தலையில் சேர்த்துக் கட்டலாம்.