கூட்டு மின்பதிப்பில் பணிநிலைப் பதிவு: தமிழ் விக்கிமூலத்தை முன்வைத்து

முன்னுரை

டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இறுதிக்காலத்தைக் கழித்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா 1960 சனவரி 30இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். ஆகவே, அவர் வாழ்நாளில் வெளியான நூல்கள் 2021 முதல் பொதுவுடைமையாயின. இத்தகைய நூல்களைப் பலர் கூடி மின்பதிப்பாக்கும்போது பணிநிலைப் பதிவு ஏன் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செயல்முறை

பணித்திட்ட மேலாண்மை மென்பொருள் பெரும்பணியைச் சிறு அலகுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் செய்தவரையும் அதன் நிலையையும் பதிகிறது. தமிழ் விக்கிமூலத்தில் அவ்வலகு நூலின் ஒரு பக்கமாகும். பக்கப்படமும் எழுத்துணரி தந்த உரையும் அருகருகே தோன்றும். மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தது மஞ்சள். மற்றொருவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் இடந்தராது.

இவ்விதிக்குக் காரணம் உண்டு. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை முதலியன வேறு வடிவின. ரகரமும் கால் குறியும் மயங்கும். முதற்கண் தவறவிட்டதை இரண்டாம் கண் காண்கிறது.

மொழிபெயர்ப்பு நூல்களுக்கு மற்றொரு படிநிலை தேவை. மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனித்தது. குமரப்பாவின் ஆங்கில நூல் பொதுவுடைமையாயினும் அதன் தமிழாக்கம் அவ்வாறாகாது. எனவே, உரிமை ஆய்வே முதற்பணியாக அமைதல் வேண்டும்.

முடிவுரை

மின்பதிப்பிலிருந்து மேற்கோள் காட்டும் ஆய்வாளர் பக்கத்தின் நிறத்தை நோக்கி, பக்கப்படத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஆளுதல் தகும். அவ்வாறு ஒப்பிட்டவர் அப்பக்கத்தைப் பச்சையாக்கிச் சென்றால், அடுத்த ஆய்வாளருக்கு நம்பத்தகுந்த பாடம் கிட்டும்.