டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் பார்ப்பது?

ஜனக்புரியின் பழைய பிளாக்குகளில் தில்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. மத்திய அரசு வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் இந்தப் பேட்டையில் உண்டு. பிள்ளைகளை இங்குள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் (டி.டி.இ.ஏ.) பள்ளிக்கு அனுப்பி, ஓய்வும் பெற்று, அதே வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள். நாற்பது வயதில் இரண்டாவது மாடி ஒரு பொருட்டே இல்லை. எழுபதில் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட ஒருவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும் நாளில்தான் அந்தப் படிகளை வீட்டார் எண்ணிப் பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் மாத்திரைகள் வேளை வாரியாக எழுதப்பட்டிருக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி: பிசியோதெரபி தொடரவும். எந்தப் பயிற்சி, எத்தனை மாதம், எதுவரை எட்டலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்காது.

அந்த ஒரு வரியை விரித்து எழுதுவதற்கென்றே ஒரு மருத்துவத் துறை இருக்கிறது. உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வு, மருத்துவர்கள் வாயில் சுருக்கமாக பி.எம்.ஆர். இதய நோய்க்கு யாரிடம் போவது, சிறுநீரகத்துக்கு யாரிடம் போவது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பி.எம்.ஆர். மருத்துவர் என்ற ஒருவர் இருப்பது, நோயாளி பல மாதம் படுத்த பிறகும் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

அவர் செய்யும் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். பக்கவாதம் வந்தவரின் முழங்கையை அவர் மடக்கி, பிறகு சட்டென்று நீட்டுகிறார். கை வழுக்கிக்கொண்டு போகிறதா, நடுவில் ஓரிடத்தில் பிடித்து நிற்கிறதா, நீளவே மறுக்கிறதா என்று விரல்களால் உணர்ந்து ஓர் எண் போடுகிறார். 0, 1, 1+, 2, 3, 4 என்று ஆறு படிகள் கொண்ட இந்த அளவுகோலுக்கு மாற்றியமைத்த ஆஷ்வொர்த் அளவை என்று பெயர். இறுக்கம் உடலில் பரவலாக இருந்தால் மாத்திரை. ஒன்றிரண்டு தசை மட்டும் முரண்டு பிடித்தால் அந்தத் தசைக்குள்ளேயே பொட்டுலினம் ஊசி. அடுத்து தோள்பட்டையைத் தடவிப் பார்ப்பார். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியை எழுப்பி உட்கார வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். தோள் மூட்டு நழுவவும் தீராத வலி தொடங்கவும் அதுவே போதும். பிறகு விழுங்கும்போது புரையேறுகிறதா, சிறுநீர் முழுதாகப் பிரிகிறதா, மனம் சோர்ந்து கிடக்கிறதா என்ற கேள்விகள். பிசியோதெரபிஸ்ட், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கை உறுப்பு வல்லுநர், உளவியலாளர் எல்லோரையும் ஒரே இலக்கில் நிறுத்துவதும் அவர் பொறுப்பு.

அமெரிக்காவில் மருத்துவர் ஃபிராங்க் குரூசன் 1936-இல் மேயோ கிளினிக்கில் இந்தத் துறைக்கென மூன்றாண்டு பயிற்சியைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்து, கையும் காலும் இழந்த இளைஞர்கள் ஊர் திரும்பியபோது துறை வேகமாக வளர்ந்தது. விமானப்படை வீரர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை அளித்த ஹோவர்ட் ரஸ்க், பின்னர் நியூயார்க்கில் உருவாக்கிய நிறுவனத்துக்கு உலகெங்குமிருந்து மருத்துவர்கள் பயில வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர், சக்கர நாற்காலியில் வந்த மேரி வர்கீஸ்.

கொச்சியில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) மருத்துவம் படித்தவர் அவர். 1954 ஜனவரியில் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்த பால் பிராண்டின் ஊக்கத்தில், நாற்காலியில் அமர்ந்தபடியே அந்த அறுவைச் சிகிச்சையைக் கற்றுக்கொண்டார். கைகளுக்கு நிற்கத் தேவையில்லை அல்லவா! பிறகு ரஸ்க்கிடம் பயின்று, வேலூருக்குத் திரும்பி, பி.எம்.ஆர். துறைக்குத் தலைவரானார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் அங்கே திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

தில்லிக்கும் இதே போன்ற கதை ஒன்று உண்டு. மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா 1965 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர். அதே ஆண்டு நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டு பாய்ந்து முதுகுத்தண்டு சிதைந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவர் பெற்ற சிகிச்சைதான், வசந்த் குஞ்சில் இந்திய முதுகுத்தண்டு காய மையம் எழக் காரணம். இரண்டு இடங்களிலும் அடிபட்டவரே முன்னின்று கட்டியிருக்கிறார் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. திட்டம் போட்டுக் கட்ட வேண்டியவர்கள் அவ்வளவு வேகம் காட்டவில்லை.

இன்று எம்.பி.பி.எஸ். முடித்தவர் மூன்றாண்டு எம்.டி. படித்தோ, டி.என்.பி. வழியிலோ பி.எம்.ஆர். நிபுணர் ஆகலாம். தில்லியில் எய்ம்ஸிலும், எதிரே உள்ள சஃப்தர்ஜங் மருத்துவமனையிலும் எம்.டி. பயிற்சி நடக்கிறது. நரம்பு கடத்தும் வேகத்தை அளப்பது, மூட்டுக்குள் ஊசி போடுவது, செயற்கைக் காலின் பொருத்தத்தைச் சரிபார்ப்பது, ஊனச் சான்றிதழுக்கான விழுக்காட்டைக் கணக்கிடுவது எல்லாம் பாடத்தில் அடக்கம். ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும். அந்த ஆய்வேடுகளில் பலவும் ஒரே மருத்துவமனையில், சில டஜன் நோயாளிகளோடு முடிந்துவிடுபவை. மறுவாழ்வுச் சிகிச்சையில் எது பலன் தரும் என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது. ஏன் போதாது என்பதற்கு இரண்டு பெரிய ஆய்வுகளே சாட்சி.

முதலாவது ‘அவெர்ட்’. பக்கவாதம் வந்தவரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி நடமாட வைத்தால் சீக்கிரம் தேறுவார் என்பது கேட்கவே நியாயமாக இருக்கிறது. ஐந்து நாடுகளின் 56 மருத்துவமனைப் பிரிவுகளில் 2,104 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2015-இல் வெளியான முடிவு எதிர்மாறாக இருந்தது: வழக்கமான கவனிப்பில் 50 விழுக்காட்டினர் நன்றாகத் தேறினார்கள், தீவிரமாக எழுப்பப்பட்டவர்களில் 46 விழுக்காட்டினரே தேறினார்கள்.

இரண்டாவது நம் நாட்டிலேயே நடந்தது. ‘அட்டென்ட்’ என்ற அந்த ஆய்வில் லூதியானா சி.எம்.சி.யின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன் முக்கியப் பங்கு வகித்தார். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் ஊருக்கு ஊர் இல்லை; வீட்டில் கவனித்துக்கொள்ளும் மனைவிக்கோ மகனுக்கோ கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன? 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ வேண்டியிருந்தவர்களும் இரு பிரிவிலும் 47 விழுக்காடு. துளி வித்தியாசமில்லை. புதிய ஆதாரம் வரும்வரை, மறுவாழ்வு வேலையைக் குடும்பத்தின் தலையில் மாற்றி வைக்கும் சேவைகளில் பணம் போடுவதை இந்த முடிவு ஆதரிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ‘வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பும் நாட்டில் இந்த வரி இன்னும் சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும்.

அளவுகோலிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படும் பார்த்தெல் குறியீடு 1965-இல் அமெரிக்காவில் வெளியானது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று பத்து வேலைகளுக்கு மதிப்பெண், முழுமைக்கு 100. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவதும், குத்துக்காலிட்டு அமர்வதும் அந்தப் பத்தில் தனியாக இல்லை. கோயிலிலும் பந்தியிலும் கழிப்பறையிலும் நம்மவர்களுக்கு அவைதான் பிரச்சினை. நூற்றுக்கு நூறு வாங்கிய ஒருவர் சொந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போகத் தயங்குவார்.

இந்த இடைவெளியைப் பலரும் பேசுவதற்கு முன்பே ஜெய்ப்பூரில் இருவர் கையில் எடுத்தார்கள். எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968-இல் உருவாக்கிய ஜெய்ப்பூர் காலில் வெறுங்காலோடு நடக்கலாம், குத்துக்காலிடலாம், சம்மணமிடலாம். நோயாளியின் வீட்டுத் தரையிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி அது.

நல்ல ஆய்வு என்றாலே செலவு பிடித்தது என்றும் இல்லை. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் ஒரு காலத்தில் சிறுநீரகம் கெட்டே அதிகம் இறந்தார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாங்களே சிறு குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றலாம், சுத்தமாக இருந்தால் போதும், அறுவை அரங்கின் கிருமிநீக்கம் தேவையில்லை என்று சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972-இல் காட்டினார். சோப்பும் தண்ணீரும் குழாயும் கிடைக்கும் எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம். ஆனால் யாராவது உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

கற்றுக்கொடுப்பவர்களை உருவாக்கும் இடத்தில்தான் கொள்கை முன்னும் பின்னும் நடக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020 விதிகளில் எம்.பி.பி.எஸ். கல்லூரிக்குத் தேவையான துறைகளில் பி.எம்.ஆர். இருந்தது. 2023 விதிகளில் அவசர மருத்துவம், நுரையீரல் மருத்துவம் ஆகியவற்றோடு சேர்த்து இதையும் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். துறையே இல்லாத கல்லூரியில் படித்து வருபவர், டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒரு வரிக்கு மேல் எதை எழுதுவார்? இதற்கு நடுவே, பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்ககம் கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. செய்தித்தாள்களில் அதிக இடம் பிடித்தது அந்தச் சண்டைதான். யார் முதலில் பரிசோதித்துத் திட்டம் வகுப்பது, அது ஏழைக்கும் கிடைக்குமா என்ற கேள்விகள் அதில் அமுங்கிப்போயின. மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக் கூடியவர்கள் உலகில் 241 கோடி என்பது 2019-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்ட கணக்கு. இத்தனை பேருக்கு மருத்துவரும் வேண்டும், சிகிச்சையாளரும் வேண்டும்.

ஜனக்புரிவாசிக்கு உடனடியாகத் தேவை வழித்தடம். ஜனக்புரி மேற்கு நிலையத்தில் மெஜந்தா லைன் ஏறி, ஹவுஸ் காஸில் யெல்லோ லைனுக்கு மாறினால் எய்ம்ஸ் நிலையம். எய்ம்ஸுக்கும் சஃப்தர்ஜங்குக்கும் அங்கேயே இறங்கலாம். போகும்போது டிஸ்சார்ஜ் காகிதம், ஸ்கேன், மாத்திரைப் பட்டியலோடு வீட்டுக் கழிப்பறையையும் கட்டிலின் உயரத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. மூன்று மாதத்தில் நோயாளி எந்த வேலையைத் தானே செய்ய வேண்டும் என்று இலக்கு வைக்கிறீர்கள் என மருத்துவரிடம் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் அந்தக் காகிதத்தையே கொடுத்துவிடலாம்.