நம் சம்பளத்தை நிர்ணயிப்பது யார்?

இறுதியாண்டு வந்துவிட்டால் ஹாஸ்டலில் ராத்திரிப் பேச்சே மாறிவிடும். சினிமாவும் கிரிக்கெட்டும் போய், 'அந்தக் கம்பெனியில எவ்வளவு தர்றான், இந்தக் கம்பெனியில எவ்வளவு தர்றான்' என்பதே பேச்சாகிவிடும். ஒருத்தன் பன்னிரண்டாயிரம் என்பான். இன்னொருத்தன் பதினாலாயிரம் என்பான். அது ஏன் பன்னிரண்டு, ஏன் பதினாலு, யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் படித்தபோதும் கேட்கவில்லை. கேட்காமல் போய் மாட்டிக்கொண்டவன் என்ற ஒரே தகுதியில்தான், முன்னாள் மாணவனாகிய நான் இந்த மலரில் எழுதுகிறேன்.

புத்தகத்தில் இருக்கும் பதில் நமக்குத் தெரியும். தேவையும் அளிப்பும்! தக்காளி வரத்து அதிகமானால் விலை இறங்கும். ஆள் வரத்து அதிகமானால் சம்பளம் இறங்கும். இண்டர்வியூவில் 'வெளியே நூறு பேர் நிக்கிறாங்க தம்பி' என்று சொல்கிற மேனேஜர் பொருளாதாரம் படித்தாரோ இல்லையோ, சொல்வது இதைத்தான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பாதி உண்மை. தக்காளி விற்கிறவர் இந்த மண்டியில் விலை படியாவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மண்டிக்குப் போகலாம். உழைப்பை விற்கிறவனால் அப்படிப் போக முடிகிறதா? மீதிப் பாதி அந்தக் கேள்வியில் இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். டிப்ளமோ முடித்ததும் ஒரு தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சேர்ந்த அன்றே 'வெரிபிகேஷனுக்கு' என்று ஒரிஜினல் மார்க் ஷீட், சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கினார்கள். வாங்கியவை ஆபீஸ் பீரோவுக்குள் போனதோடு சரி. இரண்டு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தன. என் பக்கத்து மெஷினில் ஐ.டி.ஐ. படித்த ஓர் அண்ணன். அந்த வழக்கம் வருவதற்கு முன்னால் சேர்ந்தவர். நாலு தெரு தள்ளி வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்று அவர் ஒரு நாள் போய்ச் சொன்னார்; அடுத்த மாதமே அவருக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஏறியது. அதே தைரியத்தில் நானும் போய்க் கேட்டேன். 'பார்க்கலாம்பா' என்றார்கள். இரண்டு வருஷமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்! அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'தம்பி, என் சர்டிபிகேட் என் வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு. உன்னது அவங்க பீரோவுல இருக்கு. உன்னை எதுக்கு அவங்க விலை கேக்கணும்?'

இந்த விஷயத்துக்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மோனாப்சனி. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் அம்மையார் 1933-ல் எழுதிய புத்தகத்தில் கொண்டுவந்த சொல். விற்கிறவர் ஒருத்தரே என்றால் அது மோனாப்பலி, நாம் அறிந்ததுதான். விற்கிறவர் பலபேர், வாங்குகிறவர் ஒருத்தர் என்றால் மோனாப்சனி. பழைய உதாரணம் சுரங்க ஊர். நமக்குப் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் மலைத் தேயிலைத் தோட்டம். எஸ்டேட்டே வேலை கொடுக்கிறது, குடியிருக்கும் லயன் வீடும் எஸ்டேட்டுடையது. வேலையை விட்டால் வீடும் போச்சு. அப்புறம் யார் போய்க் கூலி பேசுவது?

ஆனால் ஊருக்கு ஒரே முதலாளி இருந்தால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தொழிற்பேட்டையில் ஐம்பது கம்பெனி இருந்தாலும், நீ இருக்கிற இடத்தை விட்டு நகர முடியாவிட்டால் உனக்கு அவர் ஒருத்தர்தான் முதலாளி. செங்கல் சூளையில் முன்பணம் கொடுப்பதும் இந்தக் கயிறுதான். கொங்கு நாட்டு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலி' என்று மங்களகரமான பெயர் வைத்து, மூன்று வருஷம் முழுசாக முடித்தால்தான் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று இளம்பெண்களைச் சேர்த்தார்களே, அதுவும் அதே கயிறுதான். இரண்டே முக்கால் வருஷத்தில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போகிற பெண்ணின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இனி ஒரு கணக்கு. இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நம்ம மெக்கானிக்ஸ் பேப்பரை விடச் சுலபம்தான். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் பத்துப் பேர், தலைக்கு 12,000 ரூபாய். முதலாளிக்குப் பதினோராவது ஆள் தேவை. அவன் வந்தால் மாதம் 20,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் 13,000 கொடுத்தால்தான் அவன் வருவான். கொடுக்கலாமே, ஏழாயிரம் லாபம்தானே என்று நமக்குத் தோன்றும். முதலாளி வேறு மாதிரி யோசிப்பார். நேற்று வந்தவனுக்குப் பதிமூன்று, பழைய ஆளுக்குப் பன்னிரண்டு என்றால் சாயங்காலமே சண்டை வரும். அந்தப் பத்துப் பேருக்கும் ஆயிரம் ஏற்றித் தர வேண்டும். ஆக அந்த ஒருத்தனுக்கு உண்மையான செலவு 13,000 கூட்டல் 10,000, மொத்தம் 23,000. இருபதாயிரம் வரவுக்கு இருபத்து மூவாயிரம் செலவழிப்பாரா? மாட்டார். 'ஆட்கள் தேவை' போர்டைத் தொங்கவிட்டு, பழைய பன்னிரண்டாயிரத்துக்கே ஆள் தேடுவார். கிடைக்காது. 'இப்பல்லாம் வேலைக்கு எவன் வர்றான்' என்று டீக்கடையில் அலுத்துக்கொள்வார். அவர் கெட்டவர் என்பதால் இல்லை, கணக்கு அப்படி. சம்பளமும் குறைவு, வேலைக்கு எடுப்பதும் குறைவு.

இப்போது அரசாங்கம் வந்து, யாருக்கும் 13,000-க்குக் குறையக் கூடாது என்று சட்டம் போடுகிறது என்று வையுங்கள். பழைய பத்துப் பேருக்கும் எப்படியும் 13,000 கொடுத்தாக வேண்டும். அது கொடுத்தாயிற்று என்றால் பதினோராவது ஆளின் செலவு வெறும் 13,000 தானே! எடுத்துக்கொள்வார். சம்பளமும் ஏறியது, ஒரு வேலையும் கூடியது. தக்காளிக் கணக்குப்படி இது நடக்கவே கூடாது. (சட்டம் 21,000 என்று போட்டால் கதை வேறு. அந்தப் பதினோராவது ஆள் வரவே மாட்டான். உள்ளே இருக்கிறவர்களில் சிலரும் போகக்கூடும். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

காகிதத்தில் சரி, நிஜத்தில்? அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1-ல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் பழைய கூலியே நீடித்தது. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரு பக்கத்திலுமாக 410 துரித உணவுக் கடைகளில், உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதினார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. 1994-ல் இது வெளியானதும் பெரிய சண்டை. வேறு சிலர் சம்பளப் பதிவேடுகளை எடுத்துவைத்து, இல்லை குறைந்தது என்று வாதாடினார்கள். விவாதம் ஓயவில்லை. ஆனாலும் 2021-ல் பொருளாதார நோபல் பரிசில் பாதி கார்டுக்குப் போனது. குரூகர் 2019-லேயே இறந்துவிட்டார்.

'வெளியே நூறு பேர்' விஷயத்துக்கு வருகிறேன். ஹென்றி ஃபோர்டு கதை நம்ம ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 1913-ல் டெட்ராய்ட் பக்கம் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரே போல்ட்டை நாள் முழுக்க முடுக்குவது. ஆள் நிற்கவில்லை, ஓடினான். ஏறத்தாழ 14,000 பேர் வேலை செய்யும் இடத்துக்கு அந்த ஒரு வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது! 1914 ஜனவரி 5-ல் ஃபோர்டு அறிவித்தார்: எட்டு மணி நேர வேலை, நாளுக்கு 5 டாலர். அதற்கு முன் ஒன்பது மணி நேரத்துக்குச் சுமார் 2.34 டாலர்தான். தொழிலாளியும் கார் வாங்கட்டும் என்று தந்தார் என்பது நல்ல கதை. உள்ளே இருந்தவன் ஓடிக்கொண்டிருந்தான் என்பது கணக்கு. அதிலும் நிபந்தனைகள் இருந்தன. வீட்டுக்கே வந்து குடிக்கிறானா, ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறானா என்று பார்க்க ஒரு இலாகாவே வைத்தார். அறிவிப்பைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் உறைபனியில் கேட் முன்னால் கூடினார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: வெளியே அத்தனை பேர் நின்றும் அவர் ஐந்தை நாலாகக் குறைக்கவில்லை. பழகிய ஆள் உள்ளே தங்குவது அவருக்கு அவ்வளவு லாபம்.

சரி, நம் விஷயம். நம்மில் பெரும்பாலோர் முதலில் போவது அப்ரண்டிஸாக. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்துக்குள் டிப்ளமோக்காரர்களை 1973 திருத்தத்தில் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவு, அப்ரண்டிஸ் பயிற்சி பெறுகிறவரே தவிரத் தொழிலாளி இல்லை என்கிறது. 22-வது பிரிவு, பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்று 2014 வரை சொன்னது; அந்த வருஷத் திருத்தத்துக்குப் பின், பயிற்சி முடித்தவரை எடுப்பது பற்றி முதலாளியே தன் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 2019-ல் டிப்ளமோ அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச ஸ்டைபண்ட் மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதில் பாதியை மத்திய அரசு திருப்பித் தரும். மேலே போட்ட கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். லைனில் நிற்கிற ஒரு டிப்ளமோக்காரர், அந்த 2019 விகிதப்படி கம்பெனிக்கு நாலாயிரம் ரூபாயில். ஒரு வருஷம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச்.

அப்ரண்டிஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகக் கற்றுத்தரும் இடங்கள் உண்டு. பாதுகாப்பு விதிகள் அப்ரண்டிஸுக்கும் பொருந்தும், விபத்து நடந்தால் நஷ்ட ஈடும் உண்டு. ஒப்பந்தம் முறைப்படி பதிவாகியிருந்தால்! ஏமாறுவது அங்கேதான். சில கம்பெனிகள் 'ட்ரெய்னி' என்று சொந்தமாக ஒரு பெயர் வைத்து, பதிவு எதுவும் இல்லாமல் ஓட்டுவார்கள். சட்டப்படி அப்ரண்டிஸும் இல்லை, மஸ்டர் ரோலில் தொழிலாளியும் இல்லை என்று திரிசங்கு நிலை. சேரும்போதே பதிவு எண்ணைக் கேளுங்கள்.

அடுத்து பாண்டு. 'அது சும்மா பேப்பர்டா, கையெழுத்துப் போடு' என்று சீனியர்கள் சொல்வார்கள். சும்மா பேப்பர் இல்லை. டயர் கார்டு நூல் செய்யும் ஆலையில் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டுப் பயிற்சியும் பெற்ற ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர், நடுவில் போட்டிக் கம்பெனிக்குப் போனார். 1967-ல் உச்ச நீதிமன்றம் வரை வந்த வழக்கு. ஒப்பந்தக் காலம் முடியும்வரை அப்படி வேறிடம் போகக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பானது. 2025 மே மாதத்திலும், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்றது அதே நீதிமன்றம். ஆகவே எத்தனை வருஷம், எவ்வளவு தொகை, என்ன பயிற்சிக்காக என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், அன்றைக்கே கையோடு வாங்கி வந்துவிடுங்கள். ஜெராக்ஸில் அட்டெஸ்டேஷன் வாங்கிக் கொடுத்தால் போதும். 'நாளைக்கு வாங்கிக்கோங்க' என்றால், நாளைக்கே போய்ச் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்ல நாக்கு வர வேண்டும். எனக்கு வரவில்லை.

இன்னொரு கயிறும் இருக்கிறது, அதை நாமே கட்டிக்கொள்கிறோம். யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று வெளியே சொல்ல மாட்டோம். குறைவாக வாங்குகிறவன் வெட்கப்பட்டுக் கூட்டிச் சொல்வான், கூட வாங்குகிறவன் கண் படும் என்று குறைத்துச் சொல்வான். நாலு தெரு தள்ளி என்ன தருகிறார்கள் என்பதே தெரியாதவன் எங்கே போவான்? நம் மாணவர் சங்க அறையில் ஒரு நீள நோட்டுப் போடுங்கள். படிப்பு முடித்துப் போகிற ஒவ்வொருவரும் ஆறு மாதம் கழித்து வந்து, எந்தக் கம்பெனி, கையில் எவ்வளவு வருகிறது, எத்தனை மணி நேர ஷிப்ட், பாண்டு உண்டா, ஒரிஜினலைப் பிடித்து வைக்கிறார்களா என்று அஞ்சு வரி எழுதட்டும். பேர் போட வேண்டியதில்லை. முதல் பக்கத்தை, விழாவுக்கு வரும்போது நானே எழுதித் தருகிறேன்.