டௌபர் பள்ளத்தாக்கில் ஒரு பகல்

ஜெர்மனியின் தென்பகுதியில், பவேரியாவின் எல்லையோரத்து நகரமான ரோட்டன்புர்க்கின் மதில்களுக்குக் கீழே வளைந்தோடும் டௌபர் என்னும் சிறு நதியின் கரையையொட்டி, அது மைன் நதியோடு கலக்கும் வெர்ட்ஹைம் வரையில், சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள சைக்கிள் பாதையொன்று செல்கிறது. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மங்காத கோடைக்காலத்தில், பழக்கமுள்ளவர்கள் அதை ஒரே பகலில் கடந்துவிடலாம். ஆனால் வழியில் இருப்பவற்றைப் பார்த்துச் செல்ல விரும்புகிறவர்கள் பாதித் தூரத்தில் இரவு தங்குவதே உசிதம்.

ரோட்டன்புர்க்கைப் பார்க்க உலகெங்குமிருந்து ஜனங்கள் வருகிறார்கள். சாய்ந்த கூரைகளும், மரச்சட்டங்களுக்கிடையே சுண்ணம் பூசிய சுவர்களும், காவற்கோபுரங்களும் அப்படியே நிற்கக் காரணம் யாரோ அவற்றைப் பக்தியோடு பாதுகாத்தது அல்ல. முப்பதாண்டு யுத்தத்தில், 1631இல், பகைவர் கைப்பட்டுச் செல்வமெல்லாம் இழந்த பின்பு, இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு அவ்வூராரிடம் பணமே இல்லாமற்போனதுதான். வறுமை காத்துக்கொடுத்த அந்த அழகிலும் ஒரு பகுதி 1945 மார்ச் 31இல் விமானக் குண்டுகளுக்கு இரையாயிற்று. மதிலை மீண்டும் எழுப்பப் பல தேசத்தாரும் பொருள் கொடுத்தார்கள்; அவர்களுடைய பெயர்களை மதிலின் கற்களில் இன்றும் வாசிக்கலாம்.

அந்நகரத்து யாக்கோபு ஆலயத்தில், டில்மன் ரீமன்ஷ்னைடர் என்ற மகா சிற்பி 1505ஆம் ஆண்டளவில் செதுக்கி முடித்த கடைசி இராப்போஜனக் காட்சி இருக்கிறது. குருவைக் காட்டிக்கொடுக்கப் போகும் யூதாஸை ஓர் ஓரத்தில் ஒதுக்காமல் நடுவிலே நிறுத்திய சிற்பி அவர். காரில் வருகிறவர்கள் இதைக் கண்டு திரும்பிவிடுகிறார்கள். சைக்கிளில் ஏறியவர்களோ நதியின் போக்கிலேயே அந்தச் சிற்பியைத் தொடர்ந்து போக முடியும். அருகிலுள்ள டெட்வாங் கிராமத்தின் சிறு கோயிலில் அவருடைய சிலுவைக் காட்சி; பிறகு புல்வெளிகளையும் ஆலைமனைகளையும் கடந்தால், கிரெக்லிங்கன் ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் ஹெர்காட்ஸ்கிர்ஷே ஆலயத்தில், மரியன்னை விண்ணேறும் காட்சி. சுமார் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு, வர்ணமே பூசாத லிண்டன் மரத்தில், ஜன்னல் வெளிச்சமே வர்ணமாகும்படி செதுக்கப்பட்டது அது. மதச் சீர்திருத்தத்துக்குப் பின் அதன் கதவுகளை மூடிவிட்டார்கள். 1832இல்தான் மறுபடி திறந்தார்கள். புகையும் தூசியும் எட்டாமல் அது பிழைத்தது அவ்வாறு மூடிக் கிடந்ததனாலேயே. இந்தப் பிரயாணத்தில் ஓரிடத்தில் மட்டுமே நிற்க நேரமுண்டு என்றால், நான் நிற்கச் சொல்வது இங்கேதான்.

அதற்கப்பால் வைக்கர்ஸ்ஹைமில் ஹோகன்லோஹே பிரபுக்களின் அரண்மனையும் பூந்தோட்டமும். அதையடுத்த பாட் மெர்கென்ட்ஹைம், டியூட்டானிக் வீரத் துறவியரின் தலைவர்கள் 1809இல் நெப்போலியன் கலைக்கும்வரை வீற்றிருந்த ஊர். 1826இல் ஓர் ஆட்டிடையர் கண்டெடுத்த உப்பு ஊற்றினால் அது பிணி தீர்க்கும் ஸ்நானத் தலமாகவும் பெயர் பெற்றது. வைக்கர்ஸ்ஹைமிலிருந்து வெர்ட்ஹைம் வரை ரயில் பாதையும் கூடவே வருவதால், கால் சோர்ந்தவர்கள் சைக்கிளோடு வண்டியேறிவிடலாம்.

ஆயினும் கோனிக்ஸ்ஹோஃபன் வரையிலாவது மிதித்துச் செல்லவேண்டும் என்பேன். பார்வைக்கு மிகச் சாதாரணமான ஊர். பலர் நிற்காமல் கடந்துபோவார்கள். 1525 ஜூன் 2ஆம் தேதி, பிரபுக்களின் கொடுமை பொறாது எழுந்த விவசாயிகள், ஊரை அடுத்த குன்றின்மேல் அணிவகுத்து நின்று, குதிரைப் படையால் ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். அதே ஆண்டில், வூர்ட்ஸ்புர்க் நகர சபையில் அங்கத்தினராயிருந்த ரீமன்ஷ்னைடரும், சபையார் விவசாயிகளை எதிர்த்துப் போரிட மறுத்த குற்றத்துக்காகச் சிறையிடப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். காலையில் நாம் வியந்து பார்த்த கைகளின் சரித்திரம் மாலையில் வந்து முடிவது இந்தக் குன்றின் அடியில். நடுவிலுள்ள வயல்களையும் திராட்சைச் சரிவுகளையும், அவற்றில் பாடுபட்டவர்களுடைய ஊர்களையும் ஒவ்வொன்றாகக் கடந்து வந்தவர்களுக்கு, இரண்டும் ஒரே கதை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இன்னும் கீழே, நிக்லாஸ்ஹவுசன் என்ற சிற்றூரில், 1476ஆம் ஆண்டிலேயே ஹான்ஸ் போம் என்ற இடையன், முரசு கொட்டி ஊராரை மகிழ்விப்பவன், ஆற்று மீனும் காட்டு விறகும் எல்லாருக்கும் பொது என்றும், பிரபுக்களும் கூலிக்கு உழைக்கவேண்டும் என்றும் பிரசங்கித்தான். திரள் திரளாக ஜனங்கள் கேட்க வந்தார்கள். பிஷப்பின் ஆட்கள் அவனைப் பிடித்துச் சென்று வூர்ட்ஸ்புர்க்கில் உயிரோடு எரித்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து விவசாயிகள் மெம்மிங்கனில் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளில், ஆற்று மீனும் காட்டு விறகும் மறுபடியும் இடம் பெற்றிருந்தன.